விளம்பரத் தாளை எறிந்துவிடாதீர்கள்

ஆடிப்பட்டம் நெருங்கும்போது விவசாய இதழ்களில் விளம்பரப் பக்கங்கள் பெருகிவிடும். வீரிய ஒட்டு மிளகாய் விதை, பூ உதிர்வை நிறுத்தும் மருந்து, மகசூலை இரட்டிப்பாக்கும் ‘பயோ’ திரவம், வாங்கினால் தாங்களே திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொல்லும் ஒப்பந்த வளர்ப்புத் திட்டம். விற்பவர்கள் இந்த இதழ்களைத் தேடி வருவதில் வியப்பில்லை. இவற்றை வாங்கிப் படிப்பவர் பெரும்பாலும் நிலம் வைத்திருப்பவர். ஒரு பிரதி டீக்கடையிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் பல கை மாறும்.

விளம்பரம் தவறான தொழில் அல்ல. நாற்றங்கால் வைத்திருப்பவருக்கும் களையெடுக்கும் கருவி செய்யும் சிறு பட்டறைக்காரருக்கும் வாடிக்கையாளரைச் சென்றடைய வேறு மலிவான வழி இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இடப்பக்கத்தில் வேளாண் பல்கலைக்கழகப் பேராசிரியரின் கட்டுரை, வலப்பக்கத்தில் மருந்து விளம்பரம். கட்டுரையின் மீதுள்ள நம்பிக்கை விளம்பரத்தின் மீதும் படிந்துவிடுகிறது. ‘சாதனை விவசாயி’ பேட்டிபோல அச்சாகி, கடைசி வரியில் ஒரு நிறுவனத்தின் கைப்பேசி எண்ணோடு முடியும் பக்கங்களை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். அது செய்தியா, காசு கொடுத்து வாங்கிய இடமா என்று இதழுக்கே போன் போட்டுக் கேளுங்கள். கேட்பது வாசகரின் உரிமை.

பெருந்துறையை மையமாக வைத்துக் கிளம்பிய ஈமு கோழித் திட்டங்களைக் கொங்கு மண்டலம் மறந்திருக்காது. நடிகர்கள் தோன்றிய விளம்பரங்கள், மாதாமாதம் பணம், வளர்ந்த பறவையை நிறுவனமே எடுத்துக்கொள்ளும் என்ற வாக்கு. 2012-இல் அது குலைந்தபோது பறவைகளுக்குத் தீவனம் போடக்கூட ஆளில்லாமல் அரசே இறங்க வேண்டியிருந்தது. தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம், 1997-இன்படி வழக்குகள் நடந்தன, சிறைத் தண்டனையும் கிடைத்தது. போட்ட பணத்துக்காக மக்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். பறவையோ மரமோ மூலிகையோ, முன்பணம் வாங்கி நிச்சய வருமானம் தருவதாகச் சொன்னால் அதை விவசாயமாகப் பார்க்காதீர்கள், முதலீட்டுத் திட்டமாகப் பாருங்கள். அந்தப் பொருளை அந்த நிறுவனத்தைத் தவிர சந்தையில் வேறு யார் வாங்குகிறார்கள் என்று விசாரியுங்கள். யாருமே இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள். ஏமாந்திருந்தால் பொருளாதாரக் குற்றப்பிரிவு காவல்துறையிடம் போகலாம்.

விதை, மருந்து விளம்பரங்களில் ஏமாற்று இவ்வளவு வெளிப்படையாக இருக்காது. விளம்பரம் சொல்வதை மூட்டையில் உள்ள அட்டை சொல்கிறதா என்று ஒப்பிடுங்கள். சான்று விதைக்கு நீல அட்டை இருக்கும். குவியல் எண், முளைப்புத்திறன், காலாவதி நாள் ஆகியவை அட்டையில் இருக்க வேண்டும். பூச்சிமருந்து என்றால் பதிவு எண்ணும், எந்தப் பயிருக்கு, எந்தப் பூச்சிக்கு அனுமதி என்பதும் இருக்க வேண்டும். ‘இயற்கை’, ‘பயோ’ என்று சொல்லிக்கொண்டாலும் உயிரிப் பூச்சிக்கொல்லிகளுக்கும் பதிவு கட்டாயம். பயிர் வளர்ச்சியைத் தூண்டும் திரவங்களும் 2021 முதல் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வந்துவிட்டன. ஐயம் இருந்தால் 1800-180-1551 என்ற கிசான் அழைப்பு மையத்தில் தமிழிலேயே கேட்கலாம்.

பொடி எழுத்தில் ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டுத் தப்பிக்கும் பழக்கமும் இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இதை ஏற்பதில்லை. தமிழில் வாக்குக் கொடுத்தால் நிபந்தனையும் தமிழில், அதே எழுத்துருவில் இருக்க வேண்டும். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு உற்பத்தியாளரும் அதில் தோன்றிப் பரிந்துரைத்தவரும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் கட்ட நேரும். மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை. வழக்கமான தொழிலின் போக்கில்தான் வெளியிட்டோம் என்று நிரூபித்தால் இதழுக்குப் பாதுகாப்பு உண்டு. ஆனால் திரும்பப் பெறச் சொல்லி ஆணை வந்தது தெரிந்த பிறகும் அச்சிட்டால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. இப்படிப்பட்ட விளம்பரத்தைப் பற்றிய புகாரை மாவட்ட ஆட்சியரிடமும் கொடுக்கலாம். விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்குப் போகும்போது விளம்பரத்தின் நகலையும் கொண்டுபோங்கள்.

விளம்பரத்தை நம்பி வாங்கினால், இதழின் பெயரும் தேதியும் தெரியும்படி அந்தப் பக்கத்தை முழுதாக எடுத்து வையுங்கள். நிறுவனம் எழுத்தில் தந்த வாக்கு அதுதான். உரக்கடைக்காரர் துண்டுச்சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். பெயரும் குவியல் எண்ணும் போட்ட பில் கேளுங்கள். காலி மூட்டையையும் டப்பாவையும் அறுவடை வரை எறியாதீர்கள். போனில் சொன்னவருக்குப் பணம் அனுப்பிப் பார்சலே வரவில்லையென்றால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு உடனே சொல்லுங்கள்.

முளைக்கவில்லை, கதிர் பிடிக்கவில்லை என்றால் ஆத்திரத்தில் வயலை உழுதுவிடாதீர்கள். பல நியாயமான வழக்குகள் பலவீனமாவது இங்கேதான். வட்டார வேளாண் உதவி இயக்குநருக்கும் விதை ஆய்வாளருக்கும் எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வயலை ஆய்வு செய்து அறிக்கை தரும்படி கேளுங்கள். நிறுவனத்துக்கும் பதிவுத்தபாலில் தெரிவியுங்கள்.

‘நீங்கள் விற்பதற்காகப் பயிர் செய்கிறீர்கள், நுகர்வோர் அல்ல’ என்று நிறுவனத்தின் வழக்கறிஞர் வாதாடக்கூடும். தேசிய விதைக் கழக வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. விவசாயி நுகர்வோர்தான், சோதனைக்கென்று விதையை மிச்சம் பிடித்து வைத்திருக்க வேண்டும் என்று அவரிடம் எதிர்பார்க்க முடியாது என்று தீர்ப்பளித்தது.

நிறுவனம் ஹைதராபாத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். வாங்கிய பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைத்துக்கொள்வது உங்கள் விருப்பம். முதலில் பேசிப் பார்க்க விரும்பினால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். பேச்சு இழுத்துக்கொண்டே போனாலும், வழக்குப் போட உங்களுக்கு இருக்கும் காலம் பாதிப்பு ஏற்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுதான்.