கைபேசிக்குச் செய்தி வந்து சேரும் வழி



என் தம்பியின் மகள் பொறியியற் கல்லூரியில் பயில்கிறாள். அவளும் தோழியர் மூவரும் சேர்ந்து சென்ற ஆண்டு ஒரு செயலியை இயற்றினார்கள். ஊர் மருத்துவமனையில் யாருக்கேனும் குருதி தேவைப்பட்டால், அவ்வகைக் குருதியைத் தர இசைந்தவர்களின் கைபேசிகளுக்கு உடனே செய்தி செல்லவேண்டும்; இதுவே அதன் நோக்கம். ஓரிரவு ஓ-நெகடிவ் வகை தேவைப்பட்டது. பதிந்திருந்தவர்களுள் அவ்வகையினர் இருவரே. ஒருவர் வெளியூர் சென்றிருந்தார். மற்றவர் மருத்துவமனைக்கு இரண்டு தெரு தள்ளித் தம் வீட்டிலேயே உறங்கிக்கொண்டிருந்தார். அவருக்குச் செய்தி எட்டவே இல்லை. மாவட்டத் தலைநகரிலிருந்து குருதி வந்து சேர விடியற்காலை ஆயிற்று. நோயாளி பிழைத்தது அவருடைய நல்லூழ்.

காரணம் என்னவென்று அப்பெண்கள் தேடியபோது நானும் உடன் அமர்ந்திருந்தேன். 35 ஆண்டு கரும்பலகையின் முன் நின்றவனுக்கு, மாணவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்பதில் ஒரு தனி இன்பம் இருக்கத்தான் செய்கிறது. அப்பொழுது கற்றதையே இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

கைபேசியில் உள்ள ஒவ்வொரு செயலியும், "எனக்கு ஏதேனும் செய்தி உண்டா?" என்று தன் தலைமைக் கணினியை நிமிடத்துக்கொருமுறை கேட்டுக்கொண்டிருந்தால், மின்கலம் விரைவில் தீர்ந்துபோகும். ஆகையால் ஆண்ட்ராய்டு கைபேசிகளில், கூகிள் நிறுவனத்தின் கணினிகளோடு பிணைக்கும் ஒரே இணைப்பைத் திறந்து வைத்திருக்கிறார்கள். பல செயலிகளின் செய்திகளும் அவ்வழியே வருகின்றன. எது எச்செயலிக்கு உரியது என்று பார்த்துக் கைபேசியே பிரித்துக் கொடுத்துவிடுகிறது. ஊருக்கு வரும் தபால் பை ஒன்று, கடிதங்கள் பல என்பது போல. இவ்வேற்பாடு 2010-இல் தோன்றி, 2012-இல் வேறு பெயரும் உருவும் பெற்று, 2016 முதல் ஃபயர்பேஸ் கிளவுட் மெசேஜிங் என்று வழங்குகிறது. இடைக்காலத்து முறையை 2019-இல் நிறுத்திவிட்டார்கள். ஆயினும் அதை விளக்கும் பாடங்கள் இன்னும் பல இடங்களில் கிடக்கின்றன. அவற்றைப் பார்த்து எழுதும் மாணவர், பிழையற்ற தம் நிரல் ஏன் இயங்கவில்லை என்று நாட்கணக்கில் திகைப்பர்.

இவ்வேற்பாட்டோடு பேசுவதற்குரிய நிரலை நாமே எழுதவேண்டியதில்லை. பிறர் எழுதி வைக்க, நாம் எடுத்தாளும் நிரல் தொகுதியை நூலகம் என்பது கணினியாளர் வழக்கு. கூகிள் நிறுவனம் தரும் நூலகத்தை நம் திட்டத்தில் சேர்ப்பது கடினமன்று. முதலில் ஃபயர்பேஸ் தளத்தில் ஒரு திட்டத்தைத் தொடங்கிச் செயலியின் தனிப்பெயரைப் பதியவேண்டும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு உட்பட அது நம் நிரலில் உள்ள பெயரோடு ஒத்திருக்கவேண்டும். பதிந்ததும் கூகிள்-சர்வீசஸ்.ஜேசன் என்னும் சிறு கோப்பு கிடைக்கும். அதைத் திட்டத்தின் மேலடைவில் போட்டுவிட்டு விழிப்பவர் பலர். அதன் இடம் 'ஆப்' என்னும் உள்ளடைவு. பின்னர், கிரேடில் என்னும் கருவிக்குரிய கோப்புகளில் கூகிள் சேவைகளின் செருகுநிரலையும் செய்தி நூலகத்தின் பெயரையும் குறிக்கவேண்டும். எந்த நூலகத்தின் எந்தப் பதிப்பு எதனோடு பொருந்தும் என்ற கவலை வேண்டாதபடி, பொருந்தும் பதிப்புகளின் பட்டியலையும் அவர்களே வெளியிடுகிறார்கள். பட்டியலின் பதிப்பெண்ணை மட்டும் எழுதினால் போதும்.

"இவ்வளவும் ஒரு பிற்பகலில் முடிந்தது, பெரியப்பா. சோதனைச் செய்தியும் வந்தது. வேலை தீர்ந்ததென்றே நினைத்தோம்" என்றாள் அப்பெண்.

உண்மையில், வேலை அங்கேதான் தொடங்குகிறது. நிறுவப்பட்ட செயலி முதன்முறை இயங்கும்போது, நூலகம் அதற்கு ஒரு நீண்ட எழுத்துத் தொடரைப் பெற்றுத் தருகிறது. டோக்கன் என்பர். செய்தி அனுப்புவோருக்கு அதுவே விலாசம். இவ்விலாசம் மனிதருக்கு உரியதன்று. அவருடைய தொலைபேசி எண்ணுக்கு உரியதும் அன்று. இந்தக் கைபேசியில் நிறுவப்பட்ட இந்தச் செயலிக்கு மட்டுமே உரியது. செயலியை நீக்கி மீண்டும் நிறுவினாலும், அதன் தரவுகளை அழித்தாலும், புதிய கைபேசிக்கு மாறினாலும் விலாசம் மாறிவிடும். மாறியதை அறிவிப்பதற்கென்றே நூலகத்தில் ஓர் அழைப்பு உண்டு. அதைக் கேட்டுப் புதிய விலாசத்தை நம் சேவையகத்துக்கு எழுதியனுப்புவது நம் கடமை. நூலகம் அதைச் செய்யாது. அப்பெண்களோ, கொடையாளி முதன்முறை பெயர் பதியும்போது மட்டும் விலாசத்தை வாங்கி வைத்தார்கள்.

இங்கே இன்னொரு பிழையும் கண்ணிற் பட்டது. செய்தி அனுப்பும் உரிமையைத் தரும் இரகசியச் சாவிக் கோப்பை, வசதி கருதிச் செயலிக்குள்ளேயே வைத்திருந்தார்கள். முன்னே சொன்ன ஜேசன் கோப்பு செயலியில் இருக்கலாம். அது வீட்டுப் பெயர்ப்பலகை போன்றது. சாவி அப்படியன்று. செயலியைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த எவரும் அதை எடுத்து, எல்லாக் கொடையாளிகளுக்கும் பொய்ச் செய்தி அனுப்பலாம். வீண் அச்சம் என்று எண்ணவேண்டாம். பல செயலிகளுக்குள் இத்தகைய சாவிகள் கிடப்பதை 2020 ஆகஸ்டில் ஓர் ஆய்வாளர் வெளியிட்டார். அம்மாதத்திலேயே, பெயர் பெற்ற சில செயலிகளை வைத்திருந்தவர்களின் கைபேசிகளில் யாரோ அனுப்பிய சோதனை அறிவிப்புகள் தோன்றின. நெடுங்காலம் செல்லுபடியாகும் அப்பழைய சாவி முறையும் 2024-இல் நீக்கப்பட்டது. இப்பொழுது சேவையகம் தன்னிடமுள்ள சாவியைக் காட்டி, ஏறத்தாழ ஒரு மணி நேரமே செல்லும் அனுமதியைப் பெற்று அனுப்புகிறது. சாவி சேவையகத்தை விட்டு வெளியேறக் கூடாது.

சிறு தடைகளும் உண்டு. 2022-இல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல், அறிவிப்புக் காட்டப் பயனரின் இசைவைச் செயலி கேட்டுப் பெறவேண்டும். மேலும், செயலி திரையில் திறந்திருக்கும்போது வரும் அறிவிப்பைக் கைபேசி தானே காட்டாது, செயலிதான் காட்டவேண்டும். மேசைமேல் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு "வரவில்லையே" என்று காத்திருந்த மாணவரை நான் கண்டதுண்டு!

இனி அந்த இரவுக்கு வருவோம். சேவையகத்தின் குறிப்பேட்டில், செய்தி ஏற்கப்பட்டது என்று தெளிவாக இருந்தது. ஏற்கப்பட்டது என்பதைச் சேர்ந்தது என்று பெண்கள் பொருள் கொண்டார்கள். கொடையாளியைக் கேட்டபோது, முந்திய மாதம் புதிய கைபேசி வாங்கியதாகச் சொன்னார். பழையது அலமாரியில் அணைந்து கிடந்தது. அதை எடுத்து மின்னேற்றி, வீட்டு வைஃபை கிடைத்த சிறிது நேரத்தில் மணி ஒலித்தது. "அவசரம்: ஓ-நெகடிவ் தேவை" என்றது திரை. இரவு நடந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது! நாம் கால வரம்பு குறிக்காவிட்டால், எட்டாத கைபேசிக்கு உரிய செய்தியை நான்கு வாரம்வரை காத்து வைப்பது அவ்வேற்பாட்டின் வழக்கம்.

அன்று மாலையே பெண்கள் நிரலைத் திருத்தினார்கள். செயலி திறக்கும் ஒவ்வொரு முறையும் விலாசம் தேதியோடு சேவையகத்துக்குச் செல்கிறது. ஒரு மாதமாகத் தலைகாட்டாத விலாசத்தின் உரியவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்கிறார்கள். விலாசம் இல்லை என்று மறுமொழி வந்தால் அதைப் பட்டியலிலிருந்து நீக்குகிறார்கள். குருதி வேண்டும் செய்திக்கு ஆறு மணி நேர வரம்பு வைத்தார்கள். செய்தியைக் கண்டவர் ஒரு பொத்தானை அழுத்தவேண்டும். பத்து நிமிடத்துக்குள் எவரும் அழுத்தாவிடில், மருத்துவமனை எழுத்தர் கொடையாளிகளின் எண்களை ஒவ்வொன்றாகச் சுழற்றத் தொடங்குகிறார்.