நிலா கேமராவுக்குள் அடங்குமா? வாங்கும் முன் ஒரு கணக்கு!

2025 செப்டம்பர் 7 இரவு முழு சந்திர கிரகணம். இரவு 11 மணி முதல் 12.22 வரை, 82 நிமிடங்கள் நிலா முழுவதும் சிவந்திருந்தது. எங்கள் மொட்டை மாடியில் டெலஸ்கோப், அதில் புதிதாக வாங்கிப் பொருத்திய சிறிய கேமரா, லேப்டாப் எல்லாம் தயார். ஒன்பது மணிக்கே படுத்துவிடும் அப்பாவும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஸ்கிரீனில் நிலா வந்தது. ஆனால் ஒரு துண்டுதான் வந்தது.

"என்னடா, பாதி நிலாவைக் காணோம்?" என்றார் அப்பா.

டெலஸ்கோப்பை மேலும் கீழும் நகர்த்தியே அந்த 82 நிமிடங்களும் போயின. முழு நிலா ஒரே படத்தில் விழவேயில்லை. கேமராவில் கோளாறு எதுவும் இல்லை. நான் போட்ட கணக்குதான் தப்பு. அதே தப்பை நீங்கள் செய்யாமல் இருக்கவே இந்தக் கட்டுரை.

இரண்டே எண்கள் போதும்

டெலஸ்கோப் வழியாகக் கேமரா வானத்தில் எவ்வளவு அகலத்தைப் பார்க்கிறதோ, அதுதான் பார்வைப் புலம். இதை டிகிரியில் அளப்பார்கள். இதைத் தீர்மானிப்பவை இரண்டு: டெலஸ்கோப்பின் ஃபோகல் லெங்த், கேமரா சென்சாரின் அளவு. டெலஸ்கோப்பின் விட்டம், கேமராவின் மெகாபிக்சல், பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் 'இத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும்' என்ற விளம்பரம், இவை எதுவும் இந்தக் கணக்கில் வராது.

சூத்திரம் இதுதான்:

பார்வைப் புலம் = சென்சார் அளவு ÷ ஃபோகல் லெங்த் × 57.3

இரண்டு அளவுகளும் மில்லிமீட்டரில் இருக்க வேண்டும். ஒரு ரேடியன் என்பது சுமார் 57.3 டிகிரி என்று ப்ளஸ் டூவில் படித்திருப்பீர்கள். அந்த எண்தான் இது. (ஃபோகல் லெங்த் 50 மி.மீ.க்குக் குறைவான அகன்ற லென்ஸ்களுக்கு இந்தச் சுருக்கு வழி சரிவராது. டெலஸ்கோப்புக்குத் தாராளமாகப் போதும்.)

என் டெலஸ்கோப் 150 மி.மீ. விட்டமும் 750 மி.மீ. ஃபோகல் லெங்த்தும் கொண்டது. சாதாரண டி.எஸ்.எல்.ஆர். கேமரா ஒன்றின் சென்சார் 22.3 × 14.9 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் அகலம் 1.7 டிகிரி, உயரம் 1.14 டிகிரி. நிலாவின் அகலம் சராசரியாக 0.52 டிகிரி. எனவே அது தாராளமாக அடங்கும்.

நான் எங்கே கோட்டை விட்டேன்?

நான் வாங்கிய கேமராவின் சென்சார் '1/2.8 அங்குலம்' என்று போட்டிருந்தது. ஓர் அங்குலம் 25.4 மி.மீ. அதை 2.8-ஆல் வகுத்தால் 9 மி.மீ. என் டெலஸ்கோப்பில் நிலாவின் பிம்பம் ஏறத்தாழ 6.8 மி.மீ. விட்டம்தான். இடம் மிச்சமிருக்கிறது என்று நம்பி ஆர்டர் செய்துவிட்டேன்.

உண்மையில் அந்த 1/2.8 சென்சாரின் அளவே அல்ல. பழைய வீடியோ கேமராக்களில் இருந்த கண்ணாடிக் குழாயின் வெளி விட்டத்தை வைத்துச் சொன்ன வழக்கம் இன்றும் தொடர்கிறது. நிஜ அளவு வேண்டுமானால் பிக்சல்களின் எண்ணிக்கையை ஒரு பிக்சலின் அளவால் பெருக்க வேண்டும். என் கேமராவில் 1920 × 1080 பிக்சல்கள். ஒவ்வொன்றும் 2.9 மைக்ரான். பெருக்கி 1000-ஆல் வகுத்தால் 5.6 × 3.1 மி.மீ. பார்வைப் புலம் 0.43 × 0.24 டிகிரி. 0.52 டிகிரி நிலா இதற்குள் எப்படி அடங்கும்?

கம்ப்யூட்டரிடம் கொடுங்கள்

எக்செல் அல்லது லிப்ரே ஆபீஸ் கால்க்கில் பி1 அறையில் ஃபோகல் லெங்த், பி2-ல் சென்சார் அகலம், பி3-ல் உயரம் ஆகியவற்றை டைப் செய்யுங்கள். பி4-ல் சமக்குறி போட்டு, பி2-ஐ பி1-ஆல் வகுத்து 57.3-ஆல் பெருக்கச் சொல்லுங்கள். பி5-ல் பி3-க்கும் அதே கணக்கு. பார்லோ லென்ஸ் போட்டால் ஃபோகல் லெங்த்தை 2 அல்லது 3-ஆல் பெருக்குங்கள். ரெட்யூசர் போட்டால் அதன் எண்ணால் (உதாரணமாக 0.5) பெருக்குங்கள்.

கிரகணத்துக்கு மறுநாள், '0.5 ரெட்யூசர் ஒன்று வாங்கிவிட்டால் என்ன?' என்று தோன்றியது. இந்த முறை முதலில் கணக்குப் போட்டேன். 375 மி.மீ.க்கு விடை 0.86 × 0.47 டிகிரி. அகலம் சரி, உயரம் போதாது. அப்போதும் நிலா வெட்டுப்படும்! அந்தச் செலவு மிச்சமானது.

படமாகவே பார்க்க ஸ்டெல்லேரியம்

இலவசமாகக் கிடைக்கும் ஸ்டெல்லேரியம் சாப்ட்வேரை இன்ஸ்டால் செய்து எஃப்2 கீயை அழுத்துங்கள். பிளகின்ஸ் டேபில் ஆக்குலர்ஸ் என்பதைத் தேர்வு செய்து, புரோகிராம் தொடங்கும்போதே லோட் ஆகும்படி டிக் செய்து, ஸ்டெல்லேரியத்தை மூடித் திறக்கவும். பின்பு அதன் கான்ஃபிகர் பட்டனில் டெலஸ்கோப், சென்சார் விவரங்களைக் கொடுங்கள். எஃப்3 அழுத்தி நிலாவைத் தேடித் தேர்வு செய்து, மேல் வலது மூலையில் உள்ள சென்சார் ஐகானை கிளிக் செய்தால் சிவப்புச் சட்டம் தோன்றும். உங்கள் கேமராவுக்குள் விழப்போவது அந்தச் சட்டத்துக்குள் இருப்பது மட்டும்தான்.

எதற்கு எது?

* ஆண்ட்ரோமெடா காலக்ஸி: நீளம் சுமார் 3 டிகிரி. 750 மி.மீ. டெலஸ்கோப்பில் டி.எஸ்.எல்.ஆருக்கும் அடங்காது. டெலஸ்கோப்பை விட்டுவிட்டு 200 மி.மீ. லென்ஸைப் போடுங்கள். 6.4 × 4.3 டிகிரி கிடைக்கும்.

* ஓரியன் நெபுலா: சுமார் 1 டிகிரி. 750 மி.மீ., டி.எஸ்.எல்.ஆர். ஜோடிக்குப் பொருத்தமானது.

* வியாழன்: பூமிக்கு நெருங்கி வரும்போதும் 0.0125 டிகிரி அளவுதான். இங்கேதான் என் சின்னக் கேமரா கைகொடுக்கிறது. 3 மடங்கு பார்லோவுடன் வியாழன் சுமார் 170 பிக்சல் அகலத்துக்கு வருகிறது. பட்டைகள் தெளிவாகத் தெரிகின்றன.

ஒரு எச்சரிக்கை. சட்டத்துக்குள் 'சரியாக' அடங்கினால் போதாது. பூமி சுழல்வதால் வானம் 4 நிமிடத்துக்கு 1 டிகிரி நகர்கிறது. மோட்டார் இல்லாத ஸ்டாண்ட் என்றால் நிலா சில நொடிகளிலேயே ஓரத்தைத் தொட்டுவிடும். இலக்கைப் போல ஒன்றரை மடங்காவது இடம் விடுங்கள்.

2028 டிசம்பர் 31 இரவு இந்தியாவில் மீண்டும் முழு சந்திர கிரகணம் தெரியும். நண்பரின் டி.எஸ்.எல்.ஆரை இரவல் கேட்டு வைத்திருக்கிறேன். அதை டெலஸ்கோப்பில் மாட்டத் தேவையான டி-ரிங்கும் வாங்கியாகிவிட்டது. ஸ்டெல்லேரியத்தில் அந்தத் தேதியை வைத்து, சிவப்புச் சட்டத்துக்குள் முழு நிலா நிற்பதை அப்பாவிடம் காட்டினேன்.

"அன்னைக்கும் இப்படித்தான் வருமா?" என்று கேட்டார். வரும் என்றேன். இந்த முறை வகுத்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.