ஓடை அரைக்கும் மாவு

மகாத்மா காந்தியடிகள் 1929-ம் வருஷம் கௌஸானியில் தங்கி, கீதைக்குத் தாம் எழுதிய 'அனாஸக்தி யோக'த்தை முடித்த இல்லத்தைத் தரிசித்துவிட்டு, மறுநாள் காலை பைஜ்நாத்துக்குப் புறப்பட்டோம். கத்யூரி அரசர்களின் கற்கோயில்கள் அங்கே கோமதிக் கரையில் இருக்கின்றன. (லக்னோவின் கோமதி வேறு, இது ஸரயுவில் கலப்பது.) கோயில்களைப் பற்றி எழுதப் பலர் உண்டு. நாம் சொல்ல வந்தது, வழியில் ஒரு சிற்றோடைக் கரையில் கண்ட மாவரைக்கும் குடிசையைப் பற்றி.

இமயமலை நாட்டில் இதற்குக் 'கராட்' என்று பெயர். வெளியிலிருந்து பார்த்தால் மாட்டுக் கொட்டகை என்றே நினைக்கத் தோன்றும். ஓடையிலிருந்து வெட்டிய வாய்க்காலின் ஜலம், சரிவான மரத்தூம்பு வழியே விசையுடன் பாய்ந்து, குடிசைக்கு அடியில் படுக்கைவசமாக இருக்கும் மரச் சக்கரத்தின் இலைகளை அடிக்கிறது. சக்கரத்தின் அச்சு நேரே மேலெழும்பி, கீழ்க்கல்லின் துவாரத்தினூடே வந்து, மேற்கல்லைச் சுழற்றுகிறது. பல்சக்கரமும் இல்லை, தோல்வாரும் இல்லை. நம் வீட்டுத் திரிகையேதான். கைக்குப் பதிலாக ஓடை சுற்றுகிறது, அவ்வளவே.

மேலே தானியக் கூடை தொங்குகிறது. அதனுடன் பிணைத்த சிறு குச்சி ஒன்று மேற்கல்லின்மேல் உராய்ந்து 'கடகட'வென்று துள்ளுகிறது. குச்சி துள்ளினால் கூடை குலுங்கும். கூடை குலுங்கினால் தானியம் கல்லின் குழியில் விழும். ஜலம் பெருகினால் தானியமும் விரைந்து விழும். ஜலம் குறைந்தால் அதுவும் குறையும். இதை முதலில் கண்டுபிடித்தவன் எந்தக் கலாசாலையில் படித்தானோ! கணக்கு வாத்தியாரான நமக்குச் சற்று வெட்கமாகவே இருந்தது.

அன்று அரைபட்டது 'மண்டுவா'. நம் வீட்டு அம்மாள் ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்து, "அட, நம்ம கேழ்வரகு!" என்றாள். கல் நிதானமாகச் சுற்றுவதால் மாவில் சூடே இல்லை.

"ஓடையில் எப்போதும் இப்படி ஜலம் வருமா?" என்று அரைகுறை ஹிந்தியில் கேட்டோம்.

"எங்கே வருகிறது, மாஸ்டர்ஜீ? என் தகப்பனார் காலத்தில் இங்கே இரண்டு கற்கள் ஓடின. இப்போது கோடையில் ஒரு கல்லுக்கே போதுவதில்லை. சாலையோரம் மின்சார மில் வந்துவிட்டது. இங்கே வந்து காத்திருக்க யாருக்குப் பொழுது? மகன் ஹல்த்வானியில் லாரி ஓட்டுகிறான்" என்றார் பெரியவர்.

1934-ல் காந்தியடிகள் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை ஸ்தாபித்தபோது, அதன் காரியதரிசியானவர் தஞ்சையில் பிறந்த ஸ்ரீ ஜே. ஸி. குமரப்பா. நெல் குத்துவதும் மாவரைப்பதும் எண்ணெய் ஆட்டுவதும் அச்சங்கத்தின் முக்கிய வேலைகளாயிருந்தன. ஊரார் தானியத்துக்கு உரிய கூலி ஊரிலேயே தங்கவேண்டும் என்பது அவர்கள் கவலை. ஆயினும் மின்சார மில்லைக் குறை கூற நமக்கு நா எழவில்லை. மூட்டையைத் தலையில் சுமந்து மலைச்சரிவில் இறங்கி ஏறும் பெண்களை அன்று காலைதான் பார்த்திருந்தோம்.

2 கிலோ மாவு விலைக்குக் கேட்டோம். பெரியவர் கல்லைச் சுற்றிக் குவிந்திருந்த மாவைத் தொடவில்லை. "அது ஊராருடையது, கூலி மாவுதான் என்னுடையது" என்று மூலையிலிருந்த தகரப் பெட்டியைத் திறந்து, அதிலிருந்து அள்ளிக் கொடுத்தார். காசு வாங்கவே மாட்டேன் என்றவரை வெகுநேரம் வற்புறுத்த வேண்டியிருந்தது.

அன்றிரவு கௌஸானியில், விடுதிக்காரரின் அடுப்பில் களி கிண்டினோம். அவருக்கும் ஓர் உருண்டை கொடுத்தோம்.