எல்லைப்புறக் குடியேறி ஒருவரின் வேர்களைத் தேடி

அமெரிக்க எல்லைப்புறக் குடியேறிகளுள் டானியல் பூனின் பெயரை அறியாதார் அந்நாட்டில் அரிது. 1775ஆம் ஆண்டில் கம்பர்லாந்துக் கணவாயூடாகக் கென்ரக்கிக் காடுகளுக்குப் பாதை வெட்டியவர் அவர். வேட்டைக் கதைகளும் வீரக் கதைகளும் அவரைச் சூழ்ந்துள்ளன. அவற்றை விலக்கிப் பழைய ஏடுகளைப் புரட்டினால், தலைமுறைதோறும் இடம்பெயர்ந்த குடும்பமொன்று நம் முன் தோன்றுகின்றது.

சபை ஏடுகள் சொல்பவை

பூனின் பாட்டனார் ஜோர்ஜ், இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்துப் பிராட்னிஞ்ச் என்னும் சிற்றூரில் நெசவாளராக வாழ்ந்தவர். குவேக்கர் சமயப் பிரிவைச் சார்ந்தவர். அரச திருச்சபைக்குப் புறம்பே நின்றமைக்காக 17ஆம் நூற்றாண்டில் குவேக்கர்கள் ஆயிரக்கணக்கில் சிறையிடப்பட்டனர். அப்பிரிவினரான வில்லியம் பென் 1681இல் பெற்ற பென்சில்வேனியா அவர்களுக்குப் புகலிடமாயிற்று. ஜோர்ஜ் தம் மூத்த பிள்ளைகள் மூவரை முன்னே அனுப்பினார். 1717இல் மனைவியோடும் ஏனைய பிள்ளைகளோடும் தாமும் கடல் கடந்தார். பிள்ளைகளை முன்னனுப்பிப் பெற்றோர் பின்தொடரும் இவ்வழக்கம் நம் வாசகர்க்குப் புதியதன்று.

இவையெல்லாம் இன்று தெரியவருவதற்குக் காரணம் குவேக்கர்களின் பதிவு வழக்கமே. பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை ஒவ்வொரு சபையும் ஏட்டில் எழுதியது. ஊர் மாறிச் செல்பவர் பழைய சபையின் நன்னடத்தைச் சான்றிதழைப் புதிய சபையிடம் கையளிப்பார். ஆயின் அவ்வேடுகளைப் படிப்பதற்குப் பயிற்சி வேண்டும். மாதங்களைப் பெயரால் அழையாது எண்ணால் குறித்தனர். 1752க்கு முன்னர் மார்ச் மாதமே முதல் மாதம். எனவே எட்டாம் மாதமென்றால் ஒக்ரோபர். டானியல் பூன் பிறந்த 1734 ஒக்ரோபர் 22, இன்றைய நாட்காட்டியில் நவம்பர் 2 ஆகும்.

மகள் ஒருத்தி சபைக்கு வெளியே மணம் முடித்தபோது தந்தை ஸ்குவயர் பூன் சபையிடம் மன்னிப்புக் கோரினார். மகன் இஸ்ரவேலும் அவ்வாறே மணந்தபோது அவர் பணிய மறுத்தார், 1748இல் விலக்கப்பட்டார். 1750இல் குடும்பம் வட கரோலினா நோக்கிப் புறப்பட்டது.

நிலமும் தாளும்

இதன்பின் தேடுபவர் நிலப் பதிவுகளையும் நீதிமன்ற ஏடுகளையுமே நாடவேண்டும். 1790ஆம் ஆண்டின் முதற் குடிசன மதிப்பீட்டில் கென்ரக்கிப் பகுதிக்குரிய ஏடுகள் கிடைக்காமற் போயின. அக்காலத்து வரிப் பட்டியல்களே துணை. மரங்களையும் ஓடைகளையும் எல்லையாகக் காட்டி ஒரே நிலத்தைப் பலர் அளந்தமையால் வழக்குகள் பெருகின. உரிமைத் தாள்கள் குறைபாடுற்றமையால், பாதை வெட்டிய பூனே தம் காணிகளை இழந்தார். 1799இல் ஸ்பானியர் ஆட்சியிலிருந்த மிசூரிக்குச் சென்றார். அங்கு பெற்ற 850 ஏக்கரும் ஆட்சி மாறியதும் பறிபோனது; 1814இல் அமெரிக்கக் காங்கிரஸ் அதனை மீள வழங்கியது.

அந்நிலம் ஆளற்ற நிலமன்று என்பதையும் நாம் மறத்தலாகாது. அது ஷோனி, செரோக்கி மக்களின் வேட்டை நிலம். அந்நிலத்துக்கான போரில் பூன் 1773இலும் 1782இலும் தம் மைந்தர் இருவரை இழந்தார். அவர்தம் பெயர்கள் நமக்குக் கிடைக்கின்றன. மறுபுறத்தில் மாண்டோர் பலரின் பெயர்கள் குடியேறிகளின் ஏடுகளில் இல்லை.

கேட்டு எழுதியவர்

ஏடுகள் தராதவற்றை மனித நினைவு தந்தது. பூன் 1820இல் மறைந்தார். 1851இல் லைமன் டிரேப்பர் என்னும் ஆய்வாளர் மிசூரிக்குச் சென்று, பூனின் இளைய மகன் நாதனிடமும் அவர் மனைவியிடமும் கேட்டறிந்தவற்றை எழுதிக்கொண்டார். நாதன் 1856இல் காலமானார். டிரேப்பர் தாம் எழுதத் தொடங்கிய பூனின் வரலாற்றை முடிக்காமலே 1891இல் மறைந்தார். எனினும் அவர் திரட்டிய கையெழுத்துப் படிகள் விஸ்கொன்சின் வரலாற்றுச் சங்கத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன.

ஐந்தாண்டுகள் பிந்தியிருந்தால் நாதனின் நினைவுகள் அவரோடு மறைந்திருக்கும். பிறப்புச் சாட்சிப் பத்திரமும் காணி உறுதியும் கைவிட்டுப் போன குடும்பங்கள் நம்மிடையே பல. பாட்டன் பூட்டன் பெயர்களையும், காணியின் எல்லைகளையும், உறவினர் சென்ற திசைகளையும் நெஞ்சில் வைத்திருப்போர் நம் வீட்டு மூத்தோரே. தாளும் பேனாவும் எடுத்து அவர்கள் அருகில் அமரவேண்டியவர்கள் நாமே. அதற்கு வெளியிலிருந்து எந்த ஆய்வாளரும் வரப்போவதில்லை.