81-க்குள் வராதவர்கள்

அரசின் வேலைவாய்ப்பு மாதிரிக் கணக்கெடுப்பில் களப்பணி பார்த்து ஓய்வு பெற்றவன் நான். 'இந்தியாவில் வேலையின்மை 3.2 சதவீதம்தான்' என்று செய்தி வந்தால், தெரிந்தவர்கள் என்னைப் பிடித்துக்கொள்வார்கள். "எங்க தெருவுலயே பத்துப் பேர் சும்மா இருக்கானுங்க. யாரு சார் இதை எண்ணுனது?" எண்ணியது எங்கள் ஆட்கள்தான். கணக்கிலும் பொய் இல்லை.

எங்கள் படிவத்தில் ஆளுக்கோர் எண் உண்டு. சொந்தத் தொழில் 11, குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் கூடமாட உதவுகிறவர் 21, மாதச் சம்பளக்காரர் 31, தினக்கூலி 51. வேலையில்லாமல் தேடுகிறவர், கிடைத்தால் போகத் தயாராக இருப்பவர் 81. படிக்கிறவர் 91, வீட்டு வேலை மட்டும் பார்க்கிறவர் 92.

மதுரைப் பக்கம் ஓர் இட்லிக் கடை. மகளைப் பற்றிக் கேட்டேன். "பி.எஸ்சி. முடிச்சிட்டுச் சும்மாதான் சார் இருக்கா" என்றார் கடைக்கார அம்மா. "கடையில ஒத்தாசைக்கு நிக்குமாக்கா?" "காலையில சட்னி அரைப்பா, பார்சல் கட்டுவா. பெத்த பொண்ணு, இதுகூடச் செய்யாதா?" தாய் கண்ணுக்கு மகள் சும்மா இருக்கிறாள். என் படிவத்தில் அவள் வேலையில் இருப்பவள், எண் 21. கடந்த 7 நாளில் ஏதாவதொரு நாள் ஒரு மணி நேரம் உழைத்திருந்தாலே வாரக் கணக்கில் வேலை பார்த்தவர். ஆண்டுக் கணக்கில் 30 நாள் உழைத்திருந்தால் போதும்.

இதைக் கேட்டுப் பலர் கொதிப்பார்கள். ஒரு மணி நேர விதி நம் அரசு கண்டுபிடித்ததல்ல. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் அளவுகோல் அது. சட்னி அரைத்த உழைப்பும் நாட்டின் உற்பத்தியில் சேர்கிறது, சேர்ந்தால் உழைத்தவரையும் எண்ண வேண்டும் என்பது வாதம். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. கோளாறு, அந்த ஒற்றை எண்ணை நாட்டின் நலமாக வாசிப்பதில்.

ஆண்டுக் கணக்கு, வாரக் கணக்கு என்று இரண்டு இருப்பதால் விடையும் இரண்டு. 2023-24-ல் ஆண்டுக் கணக்குப்படி 3.2 சதவீதம், அதே கணக்கெடுப்பில் வாரக் கணக்குப்படி 4.9. எது தோதோ அதைத்தான் மேடையில் சொல்வார்கள்.

வகுத்தலிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஊரில் வேலையில் இருக்கிறவர்களும் தேடுகிறவர்களும் சேர்ந்து 50 பேர்; வகுப்பது இந்த எண்ணால்தான். அதில் 5 பேர் தேடுகிறவர்கள் என்றால் வேலையின்மை 10 சதவீதம். அந்த ஐவரில் இருவர் அலைந்து சலித்து, இனி வேலையே வேண்டாம் என்று வீட்டோடு இருந்துவிட்டால், 48 பேரில் 3 பேர் என்று கணக்கு மாறும், 6.25 சதவீதம். ஒருவருக்கும் வேலை கிடைக்கவில்லை, விகிதம் மட்டும் இறங்கிவிட்டது.

கிராமத்தில் 81 போடுவது அபூர்வம். கூலிக்குப் போகிறவர் வேலை தேடி ஒரு மாதம் உட்கார்ந்தால் அடுப்பு எரியாது. கிடைத்ததைச் செய்வார். அப்பாவின் சம்பளமோ பென்ஷனோ தாங்குகிற வீட்டில்தான் பையன் தேர்வு எழுதிக்கொண்டு, விண்ணப்பம் போட்டுக்கொண்டு காத்திருக்க முடியும். 2023-24-ல் 15 முதல் 29 வயதுக்காரர்களிடம் மட்டும் வேலையின்மை 10.2 சதவீதமாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பெண்கள் விஷயம் இன்னும் சிக்கல். 15 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களில் வேலையில் இருப்போரும் தேடுவோரும் 2017-18-ல் 23.3 சதவீதம், 2023-24-ல் 41.7. மகிழ வேண்டிய ஏற்றம்தான். ஆனால் 92-லிருந்து நகர்ந்தவர்களில் எத்தனை பேர் 31-க்குப் போனார்கள், எத்தனை பேர் 21-லேயே நின்றார்கள் என்று பார்த்த பிறகு மகிழலாம்.

விவசாயத்தையும் சொல்லியாக வேண்டும். 2018-19-ல் உழைப்பாளிகளில் 42.5 சதவீதம் பேர் அதில் இருந்தார்கள். கொரோனாவில் நகரத்து வேலை போய் ஊர் திரும்பியவர்களை நிலம் ஏற்றுக்கொண்டது. 2023-24-ல் அந்தப் பங்கு 46.1 சதவீதம். இரண்டு பேர் பார்க்கிற காட்டில் நான்கு பேர் இறங்கினால் விளைச்சல் இரட்டிப்பாகுமா? பொருளாதாரத்தில் இதற்கு மறைமுக வேலையின்மை என்று பெயர். படிவத்தில் அதற்கு எண் கிடையாது.

அதனால், அறிக்கை வந்தால் நான் முதல் பக்கத்தைத் தாண்டிவிடுவேன். சம்பளக்காரர் எத்தனை, சொந்தத் தொழில் எத்தனை, சொந்தத் தொழிலில் மாத வருமானம் எவ்வளவு என்ற அட்டவணைகள் பின்னால் இருக்கும். அவற்றைத்தான் முதலில் புரட்டுவேன்.