காதுக்குள் ஒரு துலாக்கோல்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, செங்கலடியிலிருந்து பதுளைக்குச் செல்லும் வீதியில் உள்ளது கரடியனாறு. படுவான்கரை ஊர்கள் பலவற்றைப் போலவே இங்கும் மக்களின் வாழ்வு வயலோடு பிணைந்தது. வயலுக்குச் செல்வோர் வரம்பில் நடந்தே தீரவேண்டும். வரம்போ ஒடுங்கியது, இருமருங்கும் சேறும் நீரும். தலையிற் சுமையுடன், பின்னால் வருபவரோடு பேசிக்கொண்டே அவ்வரம்பில் நடப்பவரைக் கண்டு நாம் வியப்பதில்லை. ஆனால், அதே மனிதர் ஒருநாட் காலையில் பாயிலிருந்து எழும்போது கூரை சுழல்கின்றது, நிலம் சரிகின்றது, வயிற்றைக் குமட்டுகின்றது என்றால், சமநிலை என்பது எத்துணைப் பெருஞ்செல்வம் என்பது அப்பொழுதுதான் வீட்டாருக்கு விளங்குகின்றது.

"பித்தம்" என்பார் ஒருவர். "பிரஷர்" என்பார் இன்னொருவர். "கண்ணூறு" என்பார் மூன்றாமவர். கடையில் வாங்கிய குளிசையை விழுங்கிவிட்டுப் படுத்துக்கொள்வதே பெரும்பாலும் நடைபெறும் சிகிச்சை. சில நாட்களில் சுழற்சி தணிந்தாலும் அச்சம் தணிவதில்லை. நோயாளர் முதலில் வரம்பை விடுகின்றார். பின் சைக்கிளை விடுகின்றார். அப்பால் கோயில் திருவிழாவையும் விட்டு, ஈற்றில் முற்றத்தோடு நின்றுவிடுகின்றார். பலருக்கு இந்நிலை வரவேண்டியதே இல்லை. தலைச்சுற்றின் பல வகைகளுக்கு மருந்தினும் மேலாக உதவுவது முறையான பயிற்சி என்பதையே நாம் இங்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

மூன்று சாட்சிகள்

நாம் விழாமல் நிற்பதற்கு மூளை மூன்று சாட்சிகளைக் கேட்கின்றது. ஒன்று கண், மற்றொன்று பாதங்களும் மூட்டுக்களும், மூன்றாவது உட்செவி. உட்செவியில் ஒன்றுக்கொன்று குறுக்காக அமைந்த மூன்று அரைவட்டக் குழாய்கள் உள்ளன. தலை திரும்பும்போது அவற்றினுள் இருக்கும் திரவம் அசைந்து, எப்பக்கம் எவ்வளவு திரும்பினோம் என்பதை அறிவிக்கின்றது. அவற்றின் அருகே உள்ள இரு சிறு பைகளில் நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்கள் உள்ளன. தலையின் சாய்வையும் நேர்கோட்டு அசைவையும் உணர்த்துபவை அவை.

மூன்று சாட்சிகளும் ஒன்றையே கூறினால் நாம் உறுதியாக நிற்கின்றோம். ஒரு செவி மட்டும் பொய்ச்சாட்சி கூறத் தொடங்கினால் மூளை குழம்புகின்றது. அக்குழப்பமே தலைச்சுற்று.

இவ்வுண்மையை நிலைநாட்டியவர்களுள் முதன்மையானவர் வியன்னா நகரத்து வைத்தியர் றொபேட் பாரனி. நோயாளரின் காதைக் குளிர்நீரால் கழுவியபோது தலைசுற்றுவதையும் கண்கள் ஒருபுறம் துடிப்பதையும் அவர் கவனித்தார். சூடான நீரைச் செலுத்தியபோது அத்துடிப்பு எதிர்ப்புறமாக மாறியது. இதனை ஆராய்ந்து உட்செவியைச் சோதிக்கும் முறையொன்றை வகுத்தமைக்காக 1914ஆம் ஆண்டுக்குரிய நோபெல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அப்பரிசுச் செய்தி வந்தபோது அவர் ருசிய நாட்டிற் போர்க்கைதியாக இருந்தார்.

போர் கற்பித்த பாடம்

இரண்டாம் உலகப்போரின்போது தலையில் அடிபட்ட வீரர் பலர் தலைச்சுற்றால் வருந்தினர். இங்கிலாந்தில் அத்தகையோரைக் கவனித்த தெரன்ஸ் கோதோர்ன் என்ற காது வைத்தியரும் குக்சி என்ற உடலியக்க வைத்தியரும் ஒன்றைக் கண்டனர். படுத்தே கிடந்தவர்களைவிட, எழுந்து நடமாடியவர்கள் விரைவிற் குணமடைந்தனர். ஆகவே 1940களில் அவர்கள் ஒரு பயிற்சி முறையை வகுத்தனர். முதலில் படுக்கையிலேயே கண்ணை அசைத்தல். பின் தலையை அசைத்தல். பின் இருந்தும் நின்றும் குனிந்து நிமிர்தல். ஈற்றில் பந்தெறிந்து பிடித்தல், படியேறி இறங்குதல் எனப் படிப்படியாக அது வளர்ந்தது. இன்றும் இயன்மருத்துவர்கள் கையாளும் முறைகளுக்கு அதுவே மூலம்.

போரும் வெடியும் நம் பிரதேசத்துக்கும் புதியனவல்ல. 2010 செப்டெம்பர் 17ஆம் நாள் கரடியனாறு பொலிஸ் நிலைய வளாகத்தில், வீதி அமைப்புக்கென வைக்கப்பட்டிருந்த வெடிபொருட்கள் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வெடியின் அதிர்வு செவிப்பறையைக் கிழிப்பதோடு உட்செவியையும் தாக்கவல்லது. புறக்காயம் ஆறிய பின்னும் அத்தாக்கம் நீடிக்கக்கூடும். எனவே, என்றோ ஒரு வெடிவிபத்திலிருந்தோ வீதி விபத்திலிருந்தோ தப்பியவர் நடையில் தடுமாற்றம் கண்டால், அப்பழைய நிகழ்வையும் வைத்தியரிடம் கூறுதல் வேண்டும்.

பயிற்சி எங்ஙனம் குணப்படுத்துகின்றது? மட்டக்களப்பார் இதற்கு விடையைக் கூத்துக்களரியிலேயே காணலாம். வடமோடிக் கூத்துப் பழகுபவன் சுழன்றாடத் தொடங்கும்போது தலைசுற்றித் தடுமாறுவான். அண்ணாவியார் அவனைப் படுக்கச் சொல்வதில்லை. மீண்டும் ஆடச் சொல்கின்றார். நாளடைவில் தடுமாற்றம் மறைகின்றது. பல்லாண்டு பயின்ற பாலே நடனக் கலைஞரின் மூளை சுழற்சி உணர்வை அடக்கிக்கொள்ளப் பழகிவிடுகின்றது என 2013ஆம் ஆண்டில் இலண்டன் அறிஞர்களும் எடுத்துக்காட்டினர். பழுதுற்ற செவி முற்றாகத் தேறாவிடினும், அதன் தவறான செய்தியைத் திருத்திப் படிக்க மூளை கற்றுக்கொள்கின்றது. ஆனால், அசைந்தாலன்றி அது கற்பதில்லை.

இடம்பெயர்ந்த படிகங்கள்

தலைச்சுற்றுக்களுள் மிகச் சாதாரணமான வகை ஒன்றுண்டு. படுக்கையில் புரளும்போதும், எழும்போதும், அண்ணாந்து பார்க்கும்போதும் உலகம் கடுமையாகச் சுழலும். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். முன்னர் கூறிய சுண்ணாம்புப் படிகங்கள் தம் இடத்தினின்றும் நழுவி அரைவட்டக் குழாய்க்குள் புகுந்துவிடுவதே இதற்குக் காரணம்.

இதற்கு வேண்டுவது குளிசையன்று. அமெரிக்க வைத்தியர் ஜோன் எப்லி வகுத்து 1992இல் விரிவாக வெளியிட்ட முறைப்படி, நோயாளரைப் படுக்கவைத்துத் தலையையும் உடலையும் ஒழுங்கான வரிசையில் திருப்பினால் படிகங்கள் மீண்டும் தம் பைக்குள் உருண்டு சேர்கின்றன. சில நிமிடங்களில் முடியும் இச்சிகிச்சையால், ஒன்றிரண்டு தடவையிலேயே பலர் சுகம் பெறுகின்றனர். எந்தக் காது, எந்தக் குழாய் என்று அறிந்து செய்யவேண்டியதாகையால், முதன்முறை பயிற்சி பெற்றவர் கையாலேயே செய்துகொள்ளல் நன்று. கழுத்திலோ முள்ளந்தண்டிலோ நோயுள்ளவர் அதனை முன்கூட்டியே சொல்லுதல் அவசியம்.

வீட்டிற் செய்யும் அப்பியாசம்

ஏனைய உட்செவிக் கோளாறுகளுக்கு வைத்தியரின் ஆலோசனை பெற்றபின் வீட்டிலேயே பழகத்தக்க எளிய பயிற்சிகள் உள்ளன. ஓர் எழுத்தை அட்டையில் எழுதிக் கண்மட்டத்திற் சுவரில் ஒட்டுக. கைநீட்டும் தூரத்தில் இருந்து, கண்ணை அவ்வெழுத்தில் நிறுத்தித் தலையை மட்டும் இடமும் வலமும் திருப்புக. எழுத்துத் தெளிவாகத் தெரியும் அளவுக்கே வேகம் இருத்தல் வேண்டும். அடுத்தது, அறையின் மூலையில் முன்னால் ஒரு கதிரையை வைத்துக்கொண்டு, கால்களைச் சேர்த்து நிற்றல். பின் ஒரு பாதத்தின் முன் மறு பாதத்தை வைத்து நிற்றல். மூன்றாவது, துணையொருவர் அருகில்வரத் தலையை இருபுறமும் திருப்பிக்கொண்டே நடத்தல்.

பயிற்சியின்போது சிறிது தலைசுற்றுவது இயல்பு. மூளை கற்கின்றது என்பதற்கு அதுவே அடையாளம். சில நிமிடங்களில் அது அடங்காவிடில் பயிற்சியைக் குறைத்துக்கொள்ளலாம். நாள்தோறும் பல முறை, வாரக்கணக்கிற் பழகுவோரே பயனடைவர். சினரிசீன் முதலான குளிசைகள் முதற் சில நாட்களின் கடுமையைத் தணிக்க உதவும். மாதக்கணக்கில் உட்கொண்டால், மூளை தன்னைத் திருத்திக்கொள்வதை அவை தாமதப்படுத்தும். முதியோருக்குக் கைநடுக்கத்தையும் தரக்கூடும். ஆயினும் வைத்தியரைக் கேளாது எம்மருந்தையும் நிறுத்தலாகாது.

தாமதிக்கலாகாத வேளை

தலைச்சுற்று யாவும் காதிலிருந்து வருவனவல்ல. எழுந்து நிற்கும்போது மட்டும் கண் இருளுவது இரத்தஅழுத்தம், இரத்தச்சோகை முதலியவற்றால் இருக்கலாம். திடீரெனத் தலைசுற்றுவதோடு பேச்சுக் குழறல், முகம் கோணல், கைகால் சோர்தல், பார்வை இரட்டித்தல், தாங்கொணாத் தலைவலி, நிற்கவே இயலாமை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், அது பாரிசவாதத்தின் குறியாக இருக்கலாம். அப்போது பயிற்சியும் வேண்டாம், கைமருந்தும் வேண்டாம். நொடிப்பொழுதும் தாமதியாது வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும்.

மற்றையோர் அண்மையிலுள்ள அரசாங்க வைத்தியசாலையில் தம் குறைகளைத் தெளிவாக எடுத்துரைப்பாராக. எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் நீடிக்கின்றது, எந்த அசைவில் வருகின்றது, காதில் இரைச்சல் உண்டா என்னும் நான்கு வினாக்களுக்கும் விடையைக் குறித்துச் சென்றால் வைத்தியரின் வேலை பாதி முடிந்துவிடும். தேவைப்படின் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு அவர் அனுப்பிவைப்பார். இவ்விடைகளைக் குறித்துக் கொடுப்பதும், பயிற்சிவேளையில் அருகில் நிற்பதும் வீட்டிலுள்ள மாணவர்கள் எளிதிற் செய்யக்கூடிய பணிகள்.

முதுமையில் தடுமாறுவது விதியென்று எண்ணி, பாட்டனையும் பாட்டியையும் மூலையில் இருத்திவிடுவது அன்பாகத் தோன்றலாம். அசையாதவரின் கால்கள் மெலிகின்றன. மெலிந்த கால்களே முதலில் வழுக்குகின்றன. ஒரு வீழ்ச்சியில் இடுப்பெலும்பு முறிந்து ஆயுட்காலப் படுக்கையாகவும் முடிகின்றது. அவர்களை இருத்திவைப்பதிலும், கைபிடித்து நாளுக்குப் பத்தடியேனும் நடத்திச் செல்வதே மெய்யான அன்பு.