ஒரு விரல் வைத்தால் எட்டுப் பேர் வாசிக்கிறார்கள், தெரியுமா?

ஒரு யமஹா கீபோர்டு, ஒரு காசியோ கீபோர்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் ஒரு விரலில் கார்ட் பிடிக்கும் முறையைப் போடுங்கள். இடது கையால் சி கட்டையையும், அதற்கு இடப்பக்கம் முதலில் வரும் கறுப்புக் கட்டையையும் சேர்த்து அழுத்துங்கள். அதே இரண்டு கட்டைகள்தான், அதே இரண்டு விரல்கள்தான். யமஹாவில் சி மைனர் ஒலிக்கும். காசியோவில் பி ஃப்ளாட் மைனர் ஒலிக்கும்!

ஏன் தெரியுமா? யமஹாவுக்கு வலது ஓரக் கட்டைதான் தாய்ச் சுரம். அதற்கு இடப்பக்கமுள்ள கறுப்பைச் சேர்த்தால் மைனர், வெள்ளையைச் சேர்த்தால் செவன்த், இரண்டையும் சேர்த்தால் மைனர் செவன்த். காசியோவுக்கு இடது ஓரக் கட்டைதான் தாய். அதற்கு வலப்பக்கம் எதையாவது ஒன்றைச் சேர்த்தால் மைனர், இரண்டைச் சேர்த்தால் செவன்த், மூன்றைச் சேர்த்தால் மைனர் செவன்த். எந்தக் கட்டை என்று காசியோ பார்ப்பதே இல்லை, எத்தனை என்று எண்ணிப் பார்க்கிறது. கால்குலேட்டர் செய்து பெயர் வாங்கிய கம்பெனி அல்லவா!

அரேஞ்சர் கீபோர்டு என்று சொல்கிறோமே, அதன் உயிரே இந்த இடது கைதான். நாம் பிடிக்கும் கார்டைக் கேட்டுக்கொண்டு உள்ளே எட்டு டிராக்குகள் ஓடுகின்றன. அந்த எட்டும் சேர்ந்ததற்கு ஸ்டைல் என்று பெயர். யமஹா ஸ்டைலில் ரிதம் இரண்டு, பாஸ் ஒன்று, கார்ட் இரண்டு, பேட் ஒன்று, ஃப்ரேஸ் இரண்டு. கோர்க் கீபோர்டிலும் எட்டுதான்: டிரம்ஸ், பெர்குஷன், பாஸ், பிறகு ஐந்து பக்கவாத்தியங்கள். யமஹாவின் பெரிய மாடல்களில் ஒரே ஸ்டைலுக்குள் 3 இன்ட்ரோ, 4 மெயின், 4 ஃபில்-இன், 1 பிரேக், 3 எண்டிங் என்று 15 பகுதிகள் உண்டு. கல்யாண வரவேற்பில் ஒருவர் தனியாக உட்கார்ந்து முழு ஆர்க்கெஸ்ட்ராவையும் கொண்டுவருகிறாரே, எப்படி? பல்லவி முடியும் இடத்தில் சரியாக ஃபில்-இன் பொத்தானைத் தட்டும் அந்த விரலைக் கவனியுங்கள். அது மேஸ்ட்ரோ காட்டும் சைகை!

இன்னும் கேளுங்கள். யமஹா ஸ்டைல்களைப் பொதுவாக சி மேஜர் செவன்த் என்ற ஒரே கார்டில்தான் பதிவு செய்கிறார்கள். நீங்கள் ஏ மைனர் பிடித்தால், பதிவில் 'இ' என்று இருந்த சுரம் அந்தக் கணமே 'சி' ஆகிறது. அங்கே அது மேஜரின் மூன்றாவது, இங்கே மைனரின் மூன்றாவது. உறவு மாறாமல் ஆள் மட்டும் மாறுகிறார். டிரம்ஸ் டிராக்கை மட்டும் தொடமாட்டார்கள். அங்கே 36 என்ற எண் பாஸ் டிரம், 38 என்ற எண் ஸ்னேர். சுருதியை இரண்டு படி ஏற்றினால் 'தும்' இருந்த இடமெல்லாம் 'டக்' ஆகிவிடும்! கோர்க் போன பாதை வேறு. அதில் ஒவ்வொரு வேரியேஷனுக்கும் (யமஹாவின் மெயின் போன்றது) ஆறு விதமான கார்ட் பதிவுகள் வரை வைக்கலாம். மைனருக்கென்றே தனியாக வாசித்து வைத்ததை அப்படியே எடுத்துத் தரும். கோர்க் ஸ்டைல்கள் மைனரில் அத்தனை இயல்பாக வளைவதற்கு இது ஒரு பெரிய காரணம் என்பது என் அனுபவம்.

மெகா வாய்ஸ் என்ற அதிசயம் தெரியுமா? யமஹாவின் ஒரு ஸ்டைலில் கிதார் அச்சு அசலாக ஒலித்தது. அதே கிதாரை எடுத்துக் கையால் வாசிக்கப் பார்த்தேன். ஒரு சுரம் கணீர் என்று வந்தது, அடுத்தது 'டப்' என்று செத்து விழுந்தது, அதற்கடுத்தது வழுக்கிக்கொண்டு போனது. கீபோர்டு பழுதாகிவிட்டது என்றே நினைத்தேன். விஷயம் என்னவென்றால், எவ்வளவு அழுத்தி அடிக்கிறோம் என்பதற்கு 1 முதல் 127 வரை எண்கள் உண்டு. மெகா வாய்ஸில் அந்த எண்கள் சத்தத்தின் அளவை மட்டும் குறிப்பதில்லை. 60 வரை திறந்த தந்தி. 61 முதல் 75 வரை செத்த சுரம். 76 முதல் 90 வரை உள்ளங்கையால் அடக்கிய தந்தி. அதற்கு மேல் ஹேமர், பிறகு ஸ்லைடு. 121 முதல் 127 வரை ஹார்மோனிக்ஸ்! மேல் கட்டைகளிலோ சுரமே கிடையாது, விரல் தந்தியில் உரசும் ஓசையும் ஸ்ட்ரம் அடிக்கும் ஓசையும்தான். மனித விரலால் இவ்வளவு துல்லியமாக அளந்து அடிக்க முடியாது. ஸ்டைல் எழுதுகிறவர் ஒவ்வொரு சுரத்துக்கும் எண் போட்டு நெய்து வைக்கிறார். நாம் கையால் வாசிப்பதற்கென்று சூப்பர் ஆர்ட்டிகுலேஷன் என்ற தனிக் குரல்கள் இருக்கின்றன. கெட்ரான் என்ற கம்பெனி இந்த வம்பே வேண்டாமென்று, மனிதர்கள் வாசித்த டிரம்ஸையும் கிதாரையும் ஆடியோவாகவே பதிவு செய்து ஸ்டைலுக்குள் வைத்துவிட்டது.

கெட்ரான் எந்த ஊர்? இத்தாலியின் அங்கோனா. கோர்க் ஜப்பான் கம்பெனி, ஆனால் அதன் அரேஞ்சர்கள் உருவாவது அதே பக்கத்தில், ஓசிமோவில்! ரோலண்டின் ஐரோப்பியத் தொழிற்சாலை இயங்கியதும் அதே மார்க்கே மாநிலத்தில்தான். ஒரே வட்டாரத்தில் ஏன் இத்தனை பேர்? அருகில் காஸ்டெல்ஃபிதார்தோ என்று ஓர் ஊர். 1863இல் பாவோலோ சொப்ரானி அங்கே அக்கார்டியன் பட்டறை தொடங்கினார், அந்த வட்டாரமே அக்கார்டியன் நாடாகிவிட்டது. அக்கார்டியனில் வலது கை மெட்டு வாசிக்கும். இடது கை ஒரு பொத்தானை அழுத்தினால் முழு கார்டும் ஒலிக்கும். அரேஞ்சர் கீபோர்டும் அதேதானே! துருத்தி போய் மின்சாரம் வந்திருக்கிறது.

அரேஞ்சருக்கு முன்னோடிகளும் உண்டு. பார்பி பொம்மை செய்யும் மேட்டல் கம்பெனி 1971இல் கீபோர்டு விற்றது தெரியுமா? ஆப்டிகன் என்று பெயர். ஒளி ஊடுருவும் தகட்டில் 57 வட்டப் பாதைகள், அவற்றில் நிஜ இசைக்கலைஞர்கள் வாசித்த ஓசை. இடது பக்கம் கார்ட் பொத்தான்கள். அதற்கும் முன்னால், 1963இல், இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்த மெல்லோட்ரானிலோ இடது கைக் கட்டை ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு டேப் துண்டு. அழுத்தினால் உள்ளே ஒரு வாத்தியக் குழுவே வாசிக்கும்.

நம் பக்கம் வருவோம். 1991இல் ஜெனரல் மிடி என்று 128 ஒலிகளின் பொதுப் பட்டியல் வந்தது. எந்தக் கம்பெனிக் கீபோர்டானாலும் அந்தப் பட்டியலில் 105ஆம் எண் சிதார், 112ஆம் எண் ஷெனாய். நாகஸ்வரத்துக்கு இடமில்லை. எனக்கு அது இன்றைக்கும் தாங்கவில்லை! பிறகு யமஹா 'ஐ' வரிசையையும் காசியோ 'ஐஎன்' வரிசையையும் இந்தியாவுக்கென்றே கொண்டுவந்தன. யமஹா பிஎஸ்ஆர்-ஐ500இல் ரியாஸ் என்று ஒரு வசதி. தபேலாவும் தம்பூராவும் துணை வர, நாம் சாதகம் செய்துகொள்ளலாம். யமஹாவுக்குச் சென்னைக்கு அருகிலேயே தொழிற்சாலை இருக்கிறது!

அரபு நாடுகளுக்குப் போகும் பிஎஸ்ஆர்-ஏ வரிசை இன்னும் அழகு. அவர்களுடைய ராஸ்த் மக்காமில் மூன்றாவது சுரமும் ஏழாவது சுரமும் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் நிற்கும். அதனால் பொத்தானைத் தட்டினால் 'இ'யும் 'பி'யும் 50 சென்ட் இறங்கிவிடும், கால் சுரம்! அங்கே கால் என்றால் நம்மிடம் அரை. நம் பாடகர்கள் "எனக்கு ஐந்தரைக் கட்டை" என்பார்கள். வெள்ளைக் கட்டைகளை 1, 2 என்று எண்ணிக்கொண்டு போய், கறுப்புக்கு அரை சேர்க்கும் ஆர்மோனியக் கணக்கு அது. ஐந்தரை என்றால் ஜி ஷார்ப். மூன்றரைக்குக் கறுப்புக் கட்டையே இல்லை, எண்ணிப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று, எனக்கு மிகவும் பிடித்தது. ஒகுதா ஹிரோகோ என்ற இளம்பெண் 1980இல் காசியோவில் வேலைக்குச் சேர்ந்தார். குனிதாச்சி இசைக் கல்லூரியில் படித்தவர், ரெகே இசை பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதியவர். எம்டி-40 என்ற சின்னக் கீபோர்டுக்கு ரிதம்கள் அமைக்கும் வேலை அவருக்கு வந்தது. அவர் செய்த ஒன்றுக்கு 'ராக்' என்று பெயர். கீபோர்டு 1981இல் விற்பனைக்கு வந்தது. அந்தக் கீபோர்டுகளில் ஒன்று ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே அந்த 'ராக்' ரிதத்தின் வேகத்தைக் குறைத்து, அதன் மேல் வெய்ன் ஸ்மித் பாடினார். கிங் ஜாமி தயாரித்து 1985இல் வெளிவந்த அந்தப் பாட்டு, 'அண்டர் மி ஸ்லெங் டெங்', ஜமைக்கா இசையையே டிஜிட்டல் பக்கம் திருப்பிவிட்டது. அதே ரிதத்தின் மேல் பிறகு நூற்றுக்கணக்கான பாடல்கள் வந்தன. ரெகேயை நேசித்த ஒரு ஜப்பானியப் பெண்ணின் ரிதம், கடல் தாண்டி ரெகே பிறந்த ஊருக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. 'ராக்' என்ற பெயருக்குள் ஒளிந்துகொண்டு!